ஐ.ஆர். 20-க்குள் ஒரு கிச்சிலிச் சம்பா

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் நெல்லை வைத்து ஒரு சண்டை. அண்ணன் மூன்று வருஷமாகப் பாரம்பரிய ரகம் மட்டும்தான் போடுகிறார். "யூனிவர்சிட்டிக்காரங்கதான் நம்ம நெல்லையெல்லாம் ஒழிச்சது" என்பது அவர் கட்சி. பெரியப்பாவோ எழுபதுகளில் ஐ.ஆர். 20 என்ற புது ரக நெல்லைப் போட்டு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். விடுவாரா?

இலையில் இருந்தது அண்ணன் விளைவித்த கிச்சிலிச் சம்பாச் சோறு. அதுவே ஓர் அரசு ஆராய்ச்சி நிலையம் கொடுத்த நெல்தான் என்றேன். இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912-இல் தொடங்கியது. இன்று அது வேளாண் பல்கலைக்கழகத்தின் கையில். அங்கே பார்னெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, கோனாமணி என்ற நாட்டு ரகத்துக்குள் சன்ன அரிசியோடு தனித்துத் தெரிந்த ஒரு செடியைப் பிரித்துப் பெருக்கினார். 1921-இல் அது ஜி.இ.பி. 24 என்று வெளிவந்தது. அவருடைய பதவிப் பெயரின் சுருக்கம் அது. ஜனங்கள் வாயில் அதுவே கிச்சிலிச் சம்பா. அதைக் கோ 18 என்ற இன்னொரு ரகத்துடன் ஒட்டுச் சேர்த்து வந்தது, திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 ரகம். குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்கும் என்பதால், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதை ஒரு பெற்றோராக வைத்து 1969-இல் ஐ.ஆர். 20-ஐ வெளியிட்டது. ஆக, பெரியப்பாவின் நெல் அண்ணனின் நெல்லுக்குப் பேரன்.

இதைச் சொல்வதால் பல்கலைக்கழகத்துக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். புது ரகங்கள் வந்த வேகத்தில் எத்தனையோ நெல் வயலை விட்டுப் போனது உண்மைதான். கோவையில் நெல் விஞ்ஞானி ராமையா பெயரில், விதைகளைச் சேமித்து வைக்கும் மரபணு வங்கி இருக்கிறது, சந்தோஷம். ஆனால் எந்த வங்கியானாலும், விதையை நன்றாக உலர்த்தி, உறைகுளிரில் வைத்து, உறையில் ஒரு எண் போடுவதோடு வேலை முடிந்துவிடுமா? முளைப்புத் திறன் அங்கே பத்திரமாக இருக்கும். குழியடிச்சான் நெல்லை உப்பேறிய நிலத்தில் எப்போது தெளிப்பது, பூங்கார் அரிசிக் கஞ்சியை யாருக்குக் கொடுப்பது என்பதெல்லாம் எந்தக் குளிரறையில் இருக்கிறது? அதைத் தெரிந்த ஆட்கள் வயதாகிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

வேளாண் பல்லுயிர், ஊரக வளர்ச்சி என்று இரண்டையும் சேர்த்துப் பலகையில் எழுதும் ஆராய்ச்சி நிறுவனங்களிடம் நான் கேட்பது இதுதான்: வங்கிக்குப் போன விதை தன் ஊருக்குத் திரும்பி வர ஒரு வழி. திருத்துறைப்பூண்டிப் பக்கம், பாரம்பரிய ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் அதைச் சுலபமாகச் செய்து காட்டினார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போனால், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதையைச் சேமிக்க, பரிமாற, விற்க 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டமே விவசாயிக்கு உரிமை தருகிறது. அப்புறம் என்ன தயக்கம்? தாலுகாவுக்கு நாலு விவசாயிகளிடம் அவரவர் மண்ணுக்கு ஏற்ற ரகத்தைக் கொடுங்கள். விளைச்சலோடு அவர்கள் சொல்வதையும் எழுதி வாங்குங்கள். உறையில் எண்ணுக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் போடுங்கள்.

சண்டை முடிந்து கை கழுவும்போது பெரியப்பா மெதுவாகக் கேட்டார்: "அந்த வங்கியில நம்ம ஊர் நெல்லு ஏதும் இருக்குமாடா?" இந்த மாதம் விண்ணப்பம் எழுதிக் கேட்கப்போகிறோம். அண்ணனும் கையெழுத்துப் போடுகிறார்.