கர்ப்பிணியின் கொழுப்பு எண்ணும் நாம் கவனிக்காத பிரஷரும்

ஏழாம் மாதத்தில் இருக்கும் என் தங்கைக்கு, வளைகாப்புக்கு முந்தைய வாரம், வீட்டருகே உள்ள ஒரு லேபில் 'முழு உடல் பேக்கேஜ்' எடுத்தார்கள். ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 238 என்று தடித்த எழுத்தில் வந்ததைப் பார்த்த அம்மா, அன்றிரவே நெய் டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டார். அதே வாரம் செக்கப் அட்டையில் பிரஷர் 142/90 என்று பதிவாகியிருந்ததை மட்டும், 'மாடிப்படி ஏறி வந்த களைப்பு' என்று வீட்டில் எல்லோருமே ஒதுக்கிவிட்டோம்.

லேப் தாளில் அச்சிட்டிருக்கும் 150 என்ற வரம்பு கர்ப்பிணிகளுக்கானது அல்ல. குழந்தையின் வளர்ச்சிக்கும் பாலூட்டலுக்கும் தாயின் உடல் தயாராவதால், கடைசி மூன்று மாதங்களில் ட்ரைகிளிசரைடு இரண்டு, மூன்று மடங்குகூட ஏறுவது இயல்பே. (ஆயிரத்தைத் தாண்டினால் கணையத்துக்கு ஆபத்து, அது வேறு கதை.) தொடக்க மாதங்களிலேயே இது கூடுதலாக இருப்பவர்களுக்குப் பின்னாளில் ப்ரீ எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுவது உண்மைதான், அந்நோயில் கருப்பையின் சிறு ரத்தநாளச் சுவர்களில் கொழுப்பு நிறைந்த செல்கள் திரண்டிருப்பதையும் நுண்ணோக்கியில் கண்டிருக்கிறார்கள். ஆனால் யாருக்கு வரும் என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது.

நோயைக் காட்டிக்கொடுப்பது பிரஷர்தான். இருபது வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டால் ஓய்வுக்குப் பின் மீண்டும் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். 160/110 என்றால் அன்றே மருத்துவமனை. மறுநாள் தங்கையை முதுகு சாய்த்து, கால்கள் தரையில் படும்படி ஐந்து நிமிடம் உட்காரவைத்து, சுடிதார் கையை இறுக்காதபடி மேலே விலக்கிப் பட்டையைக் கட்டிப் பார்த்த நர்ஸ், 144/92 என்றார். மாத்திரை தொடங்கியாயிற்று.

எனக்குள்ள ஆதங்கம் இதுதான்: கர்ப்பத்தில் பெரும்பாலோருக்குத் தேவைப்படாத கொழுப்புப் பரிசோதனையைக் காசு கொடுத்துச் செய்கிறோம், அது உண்மையிலேயே தேவைப்படும்போது விட்டுவிடுகிறோம். ப்ரீ எக்லாம்ப்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால், பிரசவத்துக்குப் பிறகும் பிரஷரையும் கொழுப்பையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். அந்த நாட்களில் நாம் பத்திரப்படுத்துவதோ குழந்தையின் தடுப்பூசி அட்டையை மட்டும்.

பிரசவமாகிச் சில மாதங்கள் கழித்து அதே லேபுக்குத் தங்கையை நானே அழைத்துப் போவதாக இருக்கிறேன். அப்போது வரும் எண்ணைப் பார்த்துவிட்டு வேண்டுமானால் அம்மா நெய் டப்பாவைப் பரணில் ஏற்றட்டும்.