அந்தச் சிரிப்பு பொய்யில்லை

போன வாரம் அக்கா மகன் 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில், "இந்தப் பின்னாடி வர்ற சிரிப்புதான் மாமா தாங்கல. எல்லாம் மெஷின்ல போடுறது" என்றான். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மெஷின் சிரிப்பு உண்டுதான். சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களில் அதற்கென்றே ஒரு பெட்டி செய்தார். பல தொடர்கள் அதை நம்பியே ஓடின. ஆனால் 'ஃப்ரெண்ட்ஸ்' பெரும்பாலும் ஸ்டுடியோவில் ஆட்களை உட்கார வைத்து, அவர்கள் கண் முன்னால் நடித்து எடுத்தது. எடிட்டிங்கில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்திருப்பார்கள், ஆனாலும் அடியில் இருப்பது மனிதர்களின் சிரிப்பு. அந்த முறையை ஊன்றிவைத்தது 1951 அக்டோபர் 15 அன்று சி.பி.எஸ் என்ற அமெரிக்க டிவி சேனலில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர்.

அதில் லூசியாக நடித்த லூசில் பால் ஹாலிவுட் நடிகை. கணவர் டெசி அர்னாஸ் கியூபாவிலிருந்து வந்த இசைக்காரர். கியூப உச்சரிப்போடு பேசும் ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்பார்களா என்று சேனலுக்குச் சந்தேகம். இருவரும் 1950-இல் ஊர் ஊராக மேடை ஏறி, ஏற்பார்கள் என்று காட்டினார்கள்.

அடுத்த சிக்கல் இடம். அன்றைக்கு பெரிய நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகத்தான் போகும். மேற்குக் கரைக்குப் போவது, டிவி திரையையே படம் பிடித்த மங்கலான பிரதி. ஹாலிவுட்டில் நடித்தால் கிழக்கில் இருப்பவர்களுக்கு அந்த மங்கல் போய்ச் சேரும். விளம்பரதாரரான சிகரெட் கம்பெனி அதற்குச் சம்மதிக்கவில்லை. இவர்களுக்கோ வீட்டை விட்டுப் போக மனமில்லை. சரி, நல்ல ஃபிலிமிலேயே எடுத்துவிடுகிறோம், கூடுதல் செலவுக்கு எங்கள் சம்பளத்தில் வாரம் ஆயிரம் டாலர் குறைத்துக்கொள்ளுங்கள், பதிலுக்கு ஃபிலிம் எங்களுக்குச் சொந்தம் என்றார்கள். சேனல் ஒத்துக்கொண்டது. ஒளிபரப்பு முடிந்த எபிசோடுக்கு மதிப்பு இருக்கும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

ஆனால் லூசிக்குப் பார்வையாளர் எதிரில் இருந்தால்தான் நடிப்பு சூடு பிடிக்கும். சினிமா மாதிரி ஷாட் ஷாட்டாக வெட்டி எடுத்தால் எதிரில் இருப்பவர்கள் எப்படிச் சிரிப்பார்கள்? மூன்று 35 மி.மீ. கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, நாடகம் போல முதலிலிருந்து கடைசிவரை நடித்தார்கள். 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த கார்ல் ஃப்ராய்ண்டை அழைத்து வந்தார்கள். ஒவ்வொரு கோணத்துக்கும் லைட்டை மாற்றிக்கொண்டிருக்க முடியாதே. மேலிருந்தே எல்லாப் பக்கமும் சீராக விழும்படி அவர் லைட்டிங் அமைத்தார். சிட்காம் எனும் இந்த மாதிரி நகைச்சுவைத் தொடர்களின் வீடுகளில் மூலையில்கூட இருட்டு இல்லாதது அதனால்தான்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். சோபா எப்போதும் நம்மைப் பார்த்தே கிடக்கும். சாப்பாட்டு மேசையில் நம் பக்கத்து நாற்காலியில் பெரும்பாலும் யாரும் உட்கார மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கடி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். லூசி வீட்டுக்கு ஃப்ரெட்டும் எத்தலும் வந்த மாதிரிதான் பின்னாளில் 'சைன்ஃபெல்ட்'டில் க்ரேமர் வந்தார்.

1952 செப்டம்பரில் வந்த சாக்லேட் தொழிற்சாலை காட்சியை அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். லூசியும் எத்தலும் பெல்ட்டில் வரும் சாக்லேட்டைத் தாளில் சுற்ற வேண்டும். ஒன்று சுற்றாமல் தப்பினாலும் வேலை போய்விடும். முதலில் நிதானமாக வருகிறது. அப்புறம் வேகம் கூடுகிறது. வாயில் திணிக்கிறார்கள், தொப்பிக்குள் போடுகிறார்கள், சட்டைக்குள் தள்ளுகிறார்கள். மேற்பார்வை செய்யும் அம்மா வந்து பார்த்துவிட்டு, ஒன்றுகூடத் தப்பவில்லை என்று மகிழ்ந்து, "வேகத்தைக் கூட்டு!" என்று கத்துகிறார். லூசியின் முழித்த கண்களைப் பாருங்கள். கூட்டம் சிரிக்கச் சிரிக்க அந்த முகம் இன்னும் கொஞ்சம் பிதுங்குகிறது. ஆள் இல்லாத செட்டில் இந்தக் கணக்கு வராது. அக்கா மகன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

அந்த ஆண்டே லூசி நிஜமாகவே கர்ப்பமானார். கதையிலும் சேர்த்தார்கள், ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லைச் சொல்ல சேனல் விடவில்லை. 1953 ஜனவரி 19-இல் குழந்தை பிறக்கும் எபிசோடை சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பதவியேற்பைப் பார்த்தவர்கள் சுமார் 2.9 கோடிதான். லூசி ஓய்வெடுத்த நாட்களில் பழைய எபிசோடுகளை மறுபடி போட்டார்கள், மக்கள் அதையும் பார்த்தார்கள். மறுஒளிபரப்பு என்ற வியாபாரம் சூடு பிடித்தது இப்படித்தான். ஃபிலிம் கையில் இருந்ததால் 1957-இல் சி.பி.எஸ்-க்கே நாற்பது லட்சம் டாலருக்கு மேல் விற்றார்கள். தாங்கள் முதன்முதலில் சந்தித்த ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவையே வாங்கினார்கள்.

பின்னால் வந்த 'தி ஆஃபீஸ்' போன்ற தொடர்கள் பின்னணிச் சிரிப்பை எடுத்துவிட்டு நன்றாகவே ஓடின. எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வேறு கலை, அதை வைத்து இதைப் பொய் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

லூசி பார்த்தால் காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். ஏதோ விபரீதம் வரப்போகும் நொடியில், கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் "அ-ஓ" என்று பதறும். அது லூசியின் அம்மா டீடீ. படப்பிடிப்புக்குத் தவறாமல் வந்து மகளுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார்.