காலி வீதி பஸ் ஓட்டப்போட்டி: கோளாறு சம்பளக் கணக்கில் இருக்கிறது

கொழும்பின் காலி வீதியில் இரண்டு தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திப் பறப்பதைப் பார்த்தால் சாரதியைத்தான் திட்டுகிறோம். தண்டப்பணத்தைக் கூட்டு, கமரா பூட்டு, லைசன்ஸைப் பறி என்கிறோம். இவை எதையும் நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த இருக்கையில் நாளைக்கு ஒரு உத்தமரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாலும் சில கிழமைகளில் அவரும் அப்படித்தான் ஓட்டுவார். அவருடைய வீட்டு அடுப்பு எரிவது அன்றைய டிக்கெட் கலெக்ஷனில்.

பெரும்பாலான தனியார் பஸ்களில் சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. டீசலும் உரிமையாளரின் பங்கும் போக மிஞ்சுவது அவர்களுக்கு. அல்லது கலெக்ஷனில் ஒரு வீதம். உரிமையாளரும் பெரிய முதலாளி அல்ல. பலரிடம் இருப்பது ஒரே ஒரு பஸ், அதுவும் லீசிங்கில். முன்னால் போகும் 101ஆம் இலக்க பஸ் ஏற்றிக்கொண்ட ஒவ்வொரு பயணியும், அதே வீதியில் பின்னால் வரும் 100ஆம் இலக்க பஸ் இழந்த காசு. ஆகவே பின்னால் பஸ் வராத வரைக்கும் தரிப்பிடத்தில் நின்று ஆள் சேர்ப்பார்கள். கண்ணாடியில் அடுத்த பஸ் தெரிந்ததும் பறப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளவத்தையில் ஒரு பஸ் 40 பேரை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்கிறது. மூன்று பேர் ஏறுகிறார்கள். ஆளுக்கு 50 ரூபாய் என்று வைத்தால் பஸ்ஸுக்கு 150 ரூபாய் வரவு. உள்ளே இருந்த 40 பேர் இழந்தது மொத்தம் 80 நிமிடம். ஒரு மனிதரின் ஒரு மணித்தியாலத்தை வெறும் 200 ரூபாயாக மதித்தாலும் அது சுமார் 267 ரூபாய். பின்னால் ஒரு லேன் அடைபட்டு நின்ற வாகனங்களை நான் இன்னும் சேர்க்கவில்லை. அந்த மூன்று பேரும் அடுத்த பஸ்ஸில் எப்படியும் ஏறியிருப்பார்கள் என்பதையும் கவனியுங்கள். அதாவது ஊருக்குப் புதிதாக ஒரு பயணம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு பஸ்ஸின் காசு இன்னொரு பஸ்ஸின் பைக்கு மாறியது, அவ்வளவுதான்.

லாபம் ஒருவருக்கு, செலவு அந்தக் கொடுக்கல் வாங்கலில் சம்பந்தப்படாத மற்றவர்களுக்கு. பொருளியலில் இதுதான் எதிர்மறைப் புறவிளைவு. 1920இல் ஆங்கிலப் பொருளியலாளர் ஆர்தர் பிகூ சொன்ன மருந்து வரி: பிறர் மீது விழும் செலவைச் செய்பவரிடமே அறவிடுங்கள் என்றார். தொழிற்சாலைப் புகைக்கு அது சரி. ஒரு பஸ் எந்தத் தரிப்பிடத்தில் எத்தனை விநாடி வீணாக நின்றது, எங்கே குறுக்கே வெட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் வரி போட முடியாது. பொலிஸ் தண்டம் நூற்றில் சிலதைத்தான் பிடிக்கும். அந்தத் தண்டத்தையும் சாரதி தொழில் செலவாக எழுதிவிடுவார். பாதிக்கப்பட்டவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற வாதமும் உண்டு. 40 பயணிகளும் பின்னால் நிற்கும் முச்சக்கர வண்டிக்காரரும் பம்பலப்பிட்டிச் சந்தியில் யாரோடு பேரம் பேசுவது?

அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேர அட்டவணையில் ஓடும் கூட்டு நேர அட்டவணை என்று ஒரு முயற்சி நடக்கிறது. 2025 ஓகஸ்டில் அதை எதிர்த்து அரச பஸ்களை ஓட்டும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) தொழிற்சங்கங்கள் பணிப்புறக்கணிப்பிலும் இறங்கின. எனக்கு அந்தத் திட்டம் பிடிக்கும், ஆனால் அது பாதி வேலை. நேரத்தை ஒன்றாக்கிவிட்டு கலெக்ஷனைத் தனித்தனியாக விட்டால் புறக்கோட்டையிலிருந்து நேரத்துக்குப் புறப்படுவார்கள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் பழைய கதைதான்.

மாற்ற வேண்டியது வருமானம் போகும் வழி. டிக்கெட் காசு பஸ்ஸுக்குப் போகாமல் பொது நிதிக்குப் போக வேண்டும். ஓடிய கிலோமீற்றருக்கு மாகாணப் போக்குவரத்து அதிகாரசபை உரிமையாளருக்குப் பணம் கொடுக்க வேண்டும். லண்டனில் பஸ்ஸை ஓட்டுவது தனியார் கம்பனிகள். வழித்தடத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் தீர்மானிப்பது நகரப் போக்குவரத்து நிர்வாகம். சிங்கப்பூரும் 2016இல் ஒப்பந்த முறைக்கு மாறியது.

“இ.போ.ச. பஸ்காரருக்கு மாதச் சம்பளம்தானே, கை காட்டினாலும் நிற்பதில்லையே” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதற்கு அளந்த பதிலே இருக்கிறது. சிலியின் சந்தியாகோவில் ஒரு காலத்தில் பயணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய சாரதிகளும் நிலையான சம்பளக்காரரும் ஒத்த வழித்தடங்களில் ஓடினார்கள். கூலிக்கு ஓடியவர்களுக்குக் கிலோமீற்றருக்கு விபத்து சுமார் 67 வீதம் அதிகம். ஆனால் சம்பளக்காரரின் வழித்தடத்தில் பயணி சுமார் 10 வீதம் கூடுதலாகக் காத்திருந்தார், ஏனென்றால் பஸ்களுக்கிடையே இடைவெளியைப் பேண அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

இந்த 10 வீதம் சின்ன விஷயம் அல்ல. 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே பஸ்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டாக வந்தால் 10 நிமிடம். அதே வண்டி, அதே டீசல். இரண்டிரண்டாகச் சேர்வது யாரும் திட்டமிடாமலே நடக்கும்: சற்றுப் பிந்திய பஸ்ஸுக்குத் தரிப்பிடத்தில் கூட்டம் அதிகம், ஆட்களை ஏற்ற நேரம் எடுக்கும், இன்னும் பிந்தும், பின்னால் வருவது காலியாக ஓடிவந்து அதைத் தொட்டுவிடும்.

அதனால் ஒப்பந்தத்தில் அளக்க வேண்டியது முன்பஸ்ஸுக்கும் பின்பஸ்ஸுக்கும் உள்ள இடைவெளி. தெஹிவளை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று மூன்று நான்கு இடங்களில் ஜீபிஎஸ்ஸால் அளக்கலாம். நெருங்கி வந்தால் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்திவைக்க ஒரு கட்டுப்பாட்டு அறை வேண்டும். ஓடாத ஓட்டத்துக்குக் காசு வெட்டு. நேரத்துக்கு முன்னே போவதற்குப் பிந்துவதைவிடக் கூடிய வெட்டு, ஏனென்றால் பிந்திய பஸ் வந்து சேரும், முந்திப் போன பஸ்ஸைப் பிடிக்கவே முடியாது. தரிப்பிடத்தில் நிற்காமல் ஓடுவதைத் தடுக்கக் கொடுப்பனவில் ஒரு சிறு பங்கைப் பயணி எண்ணிக்கையோடு கட்டலாம். அந்த எண்ணிக்கை முழு வழித்தடத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும், தனி பஸ்ஸுக்கு அல்ல. 100ஐயும் 101ஐயும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்தால் போட்டி இரண்டு பஸ்களிடமிருந்து இரண்டு இலக்கங்களுக்கு மாறும். காலி வீதி முழுவதற்கும் ஒரே நிதிதான் வேண்டும்.

டிக்கெட் களவு கூடும் என்பது உண்மையான பயம். கலெக்ஷனில் பங்கில்லாத நடத்துனருக்கு டிக்கெட் கிழிக்க அவசரம் இருக்காது. டிக்கெட் மெஷினும் அட்டையும் பரிசோதகரும் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம், அதோடு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதமும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக வர வேண்டும். எத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்தும் முதுமைக்கு ஒரு சதம் இல்லாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள்.

ஒரே நாளில் முழுக் கொழும்பையும் மாற்றவும் கூடாது. சந்தியாகோ 2007 பெப்ரவரி 10இல் அப்படித்தான் செய்தது. பஸ்கள் போதவில்லை, கண்காணிப்புக் கருவிகள் தயாரில்லை, மக்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். இங்கே ஒரு வீதியில் தொடங்கலாம். ஹைலெவல் வீதியின் 138ஆம் இலக்க வழித்தடம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கிலோமீற்றர் வீதம் டீசல் விலையோடு சூத்திரப்படி தானாக ஏறி இறங்க வேண்டும் என்பதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த விலையேற்றத்திலேயே உரிமையாளர்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பழைய கலெக்ஷன் முறையைத் திருப்பிக் கேட்பார்கள்.