பிப்பன் அரங்கை விட்டுப் போகவில்லை

"1994 NBA கூடைப்பந்து பிளேஆஃபில் (சீசனின் இறுதிச் சுற்றுகளில்) சிகாகோ புல்ஸ் வீரர் ஸ்காட்டி பிப்பன் பாதி ஆட்டத்தில் வெளியேறினார், அதனால்தான் புல்ஸ் தோற்றது" என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டுமே தவறு. நியூயார்க் நிக்ஸ் அணியுடனான ஏழு ஆட்டத் தொடரில் மூன்றாவது ஆட்டம், 102-102 சமநிலை, மிச்சம் 1.8 விநாடி. கடைசி ஷாட் சக வீரர் டோனி குகோச்சுக்கு என்று பயிற்சியாளர் பில் ஜாக்சன் சொன்னதும், பிப்பன் களமிறங்க மறுத்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். குகோச் போட்டார், புல்ஸ் 104-102 என ஜெயித்தது!

செய்தது தப்புதான். நட்சத்திர வீரர் மைக்கேல் ஜோர்டான் இல்லாத சீசனில் அணியின் முதல் ஆளே இப்படிச் செய்தால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? ஆட்டம் முடிந்ததும் அணியின் மூத்த வீரர் பில் கார்ட்ரைட் உடைமாற்றும் அறையில் அழுதே விட்டார். ஆனால் அடுத்த ஆட்டத்தில் பிப்பன் 25 புள்ளி எடுத்தார், அதிலும் வெற்றி. தொடர் கைவிட்டுப் போனது ஏழாவது ஆட்டத்தில்தான்.