ஆள் எங்கே என்று சொல்வது அரசின் கடமை

வட சென்னையில் ஒரு பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால், அவனைத் தேடும் வேலை அவன் அம்மாவின் தலையில் விழுகிறது. ஒரு ஸ்டேஷனில் போய் நின்றால் "இங்கே இல்லை, அங்கே போய்க் கேள்" என்பார்கள். அங்கே போனால் "ரிமாண்டுக்கு அனுப்பியாயிற்று" என்பார்கள். எந்தக் கோர்ட் என்று கேட்டால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் இதை அனுபவித்த ஒரு குடும்பம் இருக்கும். போலீஸ் என்றால் அப்படித்தான் என்று நாமும் பழகிவிட்டோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா ஒருவர் தன் தம்பி மகனைத் தேடி அலைந்தபோது நானும் கூடப் போனேன். பையன் எங்கே இருக்கிறான் என்று கடைசியில் அவருக்குச் சொன்னது எந்த அதிகாரியும் அல்ல. கோர்ட் வாசலில் நின்ற ஒரு இடைத்தரகர். அந்த ஒரு தகவலுக்குப் பணம் வாங்கிக்கொண்டுதான் வாயைத் திறந்தார். அக்கா அந்தப் பணத்துக்காகக் கம்மலை அடகு வைத்திருந்தார்.

அந்தத் தகவல் அவருக்கு இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டும். யாரும் காட்டும் கருணையாக அல்ல, சட்டப்படி. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: கைது செய்யும்போது நேரமும் தேதியும் எழுதிய கைதுக் குறிப்பு தயாரிக்க வேண்டும், குடும்பத்தினரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது இருக்கிறது. 48-ஆம் பிரிவின்படி, கைதையும் ஆளை வைத்திருக்கும் இடத்தையும் உடனே சொல்லியாக வேண்டும். சொன்னார்களா என்று ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 37-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கைதானவரின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்கிறது. அந்தப் பலகையை உங்கள் ஸ்டேஷனில் பார்த்திருக்கிறீர்களா? நான் தேடிப் பார்த்தேன். ரவுடிகள் பட்டியல் இருந்தது, இது இல்லை.

கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆகவே முதல் நாளில் கேட்க வேண்டியவை மூன்றுதான்: எஃப்ஐஆர் எண், என்ன பிரிவு, எந்தக் கோர்ட். எஃப்ஐஆர் எண் கையில் இருந்தால் வழியில் பாதி திறந்துவிடும். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளைத் தவிர மற்றவற்றின் எஃப்ஐஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது. ஸ்டேஷனில் பதில் இல்லை என்றால் வேப்பேரியில் கமிஷனர் அலுவலகம் இருக்கிறது. எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டது நாளைக்கு எங்கேயும் நிற்காது.

ரிமாண்ட் ஆன ஆண்கள் பெரும்பாலும் புழல் சிறைக்குத்தான் போகிறார்கள். அங்கேயும் ஒரே சிறை இல்லை. விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனிச் சிறை. வாசல் மாறி நின்று அரை நாளைத் தொலைத்தவர்கள் நிறைய. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் சிறைக்கே போகக் கூடாது, கெல்லிஸ் கூர்நோக்கு இல்லம் போன்ற இடத்தில் கேட்க வேண்டும். வயதுச் சான்றை முதல் நாளே வக்கீல் கையில் கொடுத்துவிடுங்கள்.

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பழைய மத்தியச் சிறை 2006-இல் புழலுக்கு மாறிய பிறகு, மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்கப் போவது ஒரு நாள் கூலியை விழுங்கும் வேலையாகிவிட்டது. எண்ணூரிலிருந்து பஸ் மாறி செங்குன்றம் சாலையில் இறங்கி, ஆதார் அட்டையுடன் காத்திருக்க வேண்டும். சந்திப்புக்கு இணையத்தில் ஈ-முலாகாத் என்ற முன்பதிவு இருக்கிறது, வீடியோவில் பார்க்கவும் வழி இருக்கிறது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் பதிந்தார்கள் என்று அறியாத அம்மா அதை எப்படி நிரப்புவாள்? முன்பெல்லாம் காவல் நீட்டிப்பு நாளில் கோர்ட் வளாகத்திலாவது தூரத்திலிருந்து முகம் பார்க்கலாம். இப்போது அதுவும் வீடியோவில் நடந்துவிடுகிறது.

"தப்பு செய்தவனுக்கு எதற்கு இவ்வளவு பரிதாபம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். நிரூபிக்கப்பட்டாலும்கூட, அவன் எங்கே என்று அறியும் உரிமை அவன் வீட்டாருக்கு உண்டு.

வீட்டாருக்குத் தெரியாவிட்டால் வக்கீலை அமர்த்தும் வக்காலத்தில் அவன் கையெழுத்து வாங்க ஆள் போக முடியாது, ஜாமீன் மனு தாமதமாகும். குண்டர் சட்டம் பாய்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 1982-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். காரணங்கள் அடங்கிய காகிதக் கட்டைச் சிறைக்குள் இருப்பவன் கையில்தான் கொடுப்பார்கள். அது வெளியே வந்தால்தான் அந்தக் காவலைப் பரிசீலிக்கும் ஆலோசனைக் குழுவுக்கு முறையீடும், விடுவிக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போட முடியும். சந்திக்க முடியாமல் கழியும் ஒவ்வொரு வாரமும் அவன் ஆயுளிலிருந்து போகிறது.

பணம் இல்லை என்று யாரும் முடங்கிவிட வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

அரசிடம் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் அல்ல. சிறைக்குள் நுழையும்போதே பெயர், தகப்பன் பெயர், முகவரி எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிறார்கள். அந்த நிமிடமே, அவன் சொல்லும் ஒரு கைப்பேசி எண்ணுக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போகட்டும். எந்தச் சிறை, கைதி எண் என்ன, எந்தக் கோர்ட், அடுத்த தேதி எது, எந்த நாளில் வந்து பார்க்கலாம். இவ்வளவு போதும்.