ஜெரால்ட் வைலியை விட்டுவிட்டீர்களே!

பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் ரோனி பார்க்கரின் நடிப்பைப் பற்றி உங்கள் கட்டுரையில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். 'பாரிட்ஜ்' தொலைக்காட்சித் தொடரில் அவர் நடித்த சிறைக்கைதி ஃப்ளெட்சருக்கு இரண்டு பத்தி ஒதுக்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவருக்குள் இருந்த எழுத்தாளரைக் காணவில்லையே!

1960களின் கடைசியில் ஜெரால்ட் வைலி என்ற பெயரில் தொலைக்காட்சிக்கு நகைச்சுவைத் துணுக்குக் காட்சிகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவர் இவர்தான். தன் பெயரில் கொடுத்தால் முகத்துக்காக எடுத்துக்கொள்வார்களே என்ற தயக்கம். கூட நடித்த கூட்டாளி ரோனி கார்பெட்டுக்கே தெரியாது. கார்பெட் ஒரு துணுக்கின் உரிமையை வாங்கப் போனபோது, வைலி கேட்கும் விலை ரொம்ப அதிகம் என்று பார்க்கரே பக்கத்தில் இருந்து சொல்லியிருக்கிறார்! கடைசியில் ஒரு சீன உணவகத்தில் எல்லோரையும் கூட்டி உண்மையை உடைத்தார்.

1976இல் வந்த அந்தப் புகழ்பெற்ற கடைக் காட்சியும் வைலி பெயரில்தான். வாடிக்கையாளர் 'ஃபோர்க் ஹேண்டில்ஸ்' கேட்கிறார், அதாவது மண்வாரி முள்ளுக்குக் கைப்பிடி. கடைக்காரர் காதில் 'ஃபோர் கேண்டில்ஸ்' என்று விழ, நான்கு மெழுகுவர்த்திகளை எடுத்து வைக்கிறார். தமிழில் சொன்னால் பாதி சிரிப்பு போய்விடுகிறது, என்ன செய்ய.

அப்புறம், புகழின் உச்சியில் இருக்கும்போதே ஓய்வு பெற்று, இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டன் ஊரில் பழம்பொருள் கடை வைத்து உட்கார்ந்தார். 2005இல் காலமானார். அடுத்த ஆண்டு லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டில், வழக்கமான இரண்டுக்குப் பதிலாக நான்கு மெழுகுவர்த்திகளை ஏந்தி வந்தார்கள்.