ஆற்றைத் தொடர்ந்து எழுதுகிறவருக்குக் கிடைப்பது

ஃப்ளை ஃபிஷிங்கைப் பற்றி விடாமல் எழுதி வருவதால் என்ன பயன் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தியோடர் கார்டனின் நினைவுதான் வருகிறது. மண்புழுவைக் கோக்காமல், இறகாலும் நூலாலும் தூண்டில் முள்ளின்மேல் கட்டிய செயற்கைப் பூச்சியை நீரில் இட்டு டிரவுட் மீனைப் பிடிக்கும் இந்தக் கலையில், அமெரிக்கர்கள் முன்னோடியாக மதிக்கும் மனிதர் அவர். 1854இல் பிறந்து 1915இல் மறைந்த கார்டன், தம் வாழ்நாளில் ஒரு நூல்கூட வெளியிடவில்லை. இங்கிலாந்தின் ‘ஃபிஷிங் கெஸட்’ இதழுக்கும் அமெரிக்காவின் ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ இதழுக்கும் ஆற்றங்கரையிலிருந்து சிறு குறிப்புகளை ஆண்டுக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால், அந்தக் குறிப்புகளும் கடிதங்களும் அவர் இறந்து 32 ஆண்டுகள் கழித்து, 1947இல், ஒரே நூலாகத் தொகுக்கப்படும் அளவுக்கு மதிப்புப் பெற்றிருந்தன.

இங்கிலாந்தில் மிதக்கும் பூச்சிகளைக் கொண்டு மீன்பிடிக்கும் முறைக்கு இலக்கணம் வகுத்தவர் ஃப்ரெடெரிக் ஹால்ஃபோர்டு. கார்டன் கடிதம் எழுதிக் கேட்க, 1890இல் அவர் தம்முடைய பூச்சி மாதிரிகளை அனுப்பிவைத்தார். அவை சலசலப்பில்லாமல் தெளிந்து ஓடும் ஆங்கில ஆறுகளுக்கும் அங்குள்ள பூச்சிகளுக்கும் ஏற்ப உருவானவை. நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலை ஆறுகளோ பாறைகளில் மோதி நுரைத்து ஓடுபவை. அவற்றின் பூச்சிகளும் வேறு. ஆகவே கார்டன், விறைப்பான சேவல் கழுத்திறகையும் உரித்த மயிற்பீலித் தண்டையும் கொண்டு, தம் ஆற்றுக்கென்றே பூச்சிகளைக் கட்டினார். அவற்றுள் ஒன்று ‘குவில் கார்டன்’ என்ற பெயரில் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. தாம் கண்டதை அடுத்த கடிதத்தில் இன்னொருவருக்கு விளக்கியாக வேண்டும் என்ற பொறுப்பும் அந்தக் கூரிய கவனத்தை வளர்த்தது என்று நான் நம்புகிறேன்.

இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். நியூ ஜெர்சியிலிருந்து கேட்ஸ்கில் ஆறுகளுக்குச் சென்று வந்து, பார்த்ததை எழுதத் தொடங்கிய பிறகு, ‘நிறையப் பூச்சிகள் பறந்தன’ என்ற வாக்கியத்தை எழுதக் கை மறுக்கிறது. என்ன பூச்சி, சிறகின் நிறம் என்ன, நீரின் வெப்பம் எவ்வளவு என்று படிப்பவர் கேட்பார். குவில் கார்டன் தூண்டிலுக்கு முன்மாதிரியான, மேஃபிளை என்ற ஆற்றுப்பூச்சி வகை, ஏப்ரலில் நீர் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸை எட்டும்போது வெளிவருகிறது. பிற மேஃபிளைகள் பலவும் நீர்ப்பரப்புக்கு வந்து தோலுரிக்க, இது ஆற்றின் அடியிலேயே தோலை உரித்துவிட்டுச் சிறகோடு மேலே எழுகிறது; அப்படி எழும்போதே மீன்கள் அதை நீருக்குள் பிடித்துத் தின்ன முடிகிறது. மேற்பரப்பில் பூச்சிகள் தென்பட்டும் மீன்கள் மிதக்கும் பூச்சியைச் சீண்டாமல் இருந்ததற்குக் காரணம் எழுத வேண்டியிருந்ததால்தான் இந்தச் செய்தியை நான் தேடி அறிந்தேன். எழுதும் கட்டாயம் இல்லாதிருந்தால், அன்று மீனுக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டு வீடு திரும்பியிருப்பேன்.

எழுத்தின் வழியே வரும் உறவுகளையும் சொல்லாமல் இருக்க முடியாது. லண்டனில் வழக்கறிஞராக இருந்த ஜி. ஈ. எம். ஸ்கியூஸ், நீருக்கடியில் இருக்கும் இளம்பூச்சிகளைப் போலச் செய்த தூண்டில்களுக்காக, ஹால்ஃபோர்டின் வழிவந்தவர்களோடு நெடுங்காலம் வாதாடியவர். அவருக்கும் கார்டனுக்கும் இடையே அட்லாண்டிக்கைக் கடந்து கடிதங்கள் போய்வந்தன. மலையோரத்தில் பெரும்பாலும் தனித்து வாழ்ந்த கார்டனுக்கு அத்தகைய தோழமை கிடைத்ததை, இதழ்கள் தந்திருக்கக்கூடிய எந்த ஊதியத்தைவிடவும் பெரிதாகவே நான் கருதுகிறேன்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கார்டன் மீன்பிடித்த நெவர்சிங்க் ஆற்றின் பகுதிகள், நியூயார்க் நகரின் குடிநீருக்காக 1950களில் உருவான நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டன. அவர் நின்ற கரையில் இன்று எவராலும் நிற்க முடியாது. அந்த ஆற்றில் எந்த மாதம் எந்தப் பூச்சி பறந்தது, மீன் எதை ஏற்றது என்று அந்தந்தப் பருவத்திலேயே எழுதப்பட்டவை மட்டும் எஞ்சியிருக்கின்றன. முதுமையில் நினைவிலிருந்து ஒரு பெரிய நூலை எழுதியிருந்தால் இத்தனை நுணுக்கம் அதில் தங்கியிருக்காது என்பது என் கருத்து. அதனால்தான் மீனே அகப்படாத நாளையும், நீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டியதால் டிரவுட்டை வருத்தக் கூடாதென்று தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிய நாளையும் நான் விடாமல் எழுதுகிறேன்.

நீலகிரி ஓடைகளிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெயின்போ டிரவுட் கொண்டுவந்து விடப்பட்டு, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. அந்த ஓடைகளை அருகிலிருந்து அறிந்தவர்கள் இதைப் படித்தால், எந்த மாதத்தில் எந்தப் பூச்சி எழுகிறது, மழைக்குப் பின் நீர் தெளிய எத்தனை நாளாகிறது என்பதைத் தமிழில் எழுதத் தொடங்குங்கள். வாரத்துக்கு நான்கு வரி எழுதினாலும் போதும். ஒன்று விடாமல் நான் படிப்பேன், பதிலும் எழுதுவேன்.